டைம் ஆபீஸ்காரரின் ரெஜிஸ்டர்

எங்கள் பள்ளியில் நாலு மணிக்குக் கடைசி மணி அடிக்கும். பிள்ளைகளை அனுப்பிவிட்டு நாலு பத்துக்கு ஆசிரியர்கள் வீட்டுக்குப் போகலாம் என்பது விதி. வேலை உத்தரவில் ஆறாவதோ ஏழாவதோ வரியாக அதை அச்சடித்திருந்தார்கள். கையெழுத்துப் போட்ட அன்று நான் அதை ஒருமுறை படித்தேன். எங்கள் பள்ளியில் அந்த வரியை உண்மை என்று நம்பிய ஒரே மனிதர் ஆபீஸ் கிளார்க்தான்.

நாலு ஐந்துக்கே அவர் கேட் பக்கம் வந்துவிடுவார். கக்கத்தில் இடுக்கிய நீள ரெஜிஸ்டர், சட்டைப் பையில் நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. வெயிலோ மழையோ வேப்பமரத்தடியில் நின்றபடி, வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"மேல வந்தாச்சாம்மா?"

பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது. கேட்டுக்கு வர இருபது படி கீழே இறங்க வேண்டும். இறங்கி வருகிறவளைப் பார்த்து மேலே வந்தாச்சா என்று கேட்கிற ஆளை முதல் நாள் நான் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தேன். கூட வந்த சயின்ஸ் மிஸ் என் கையைக் கிள்ளினார். "அவரு மைன்ஸ்ல டைம் ஆபீஸ்ல இருந்தவரு. அப்பிடித்தான் கேப்பாரு. ஆமான்னு சொல்லிட்டு வாங்க."

ஆமாம் என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ரெஜிஸ்டரில் என் பெயருக்கு நேரே நீலப் பேனாவால் நேரத்தை எழுதினார். பெயருக்கு முன்னால் இருபத்தேழு என்று போட்டிருந்தது. அன்று முதல் நான் அவருக்கு இருபத்தேழு.

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உள்ளே இறங்கும் ஒவ்வொருவருக்கும் எண் போட்ட பித்தளை வில்லை ஒன்று உண்டு. இறங்கும் முன் டைம் ஆபீஸில் அதை வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஷிஃப்ட் முடிந்து, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்த வில்லையைப் பலகையில் அதனதன் ஆணியில் மாட்டுவது இவர் வேலை. ஓர் ஆணி காலியாக இருந்தால் ஓர் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். அந்த ஆள் வருகிறவரைக்கும் டைம் ஆபீஸ்காரர் வீட்டுக்குப் போக முடியாது. இருபது வருஷத்துக்கு மேல் இதைச் செய்துகொண்டிருந்தவரை, சுரங்கத்தை மூடி வெளியே அனுப்பினார்கள். யாரோ சொல்லி எங்கள் பள்ளியில் கிளார்க் வேலை கிடைத்தது. வந்த முதல் வாரமே தன் காசில் ரெஜிஸ்டர் வாங்கிக் கோடு போட்டு, முப்பத்தொரு பேருக்கும் எண் கொடுத்துவிட்டாராம். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை.

மாடிகளைக்கூட அவர் லெவல் என்றுதான் சொல்வார். தரைத்தளம் சர்ஃபேஸ், முதல் மாடி ஃபர்ஸ்ட் லெவல், லேப் இருக்கும் இரண்டாம் மாடி செகண்ட் லெவல். சுரங்கத்தில் லெவல் கீழே போகும், இங்கே மேலே போகிறதே என்று கேட்டால், "ஆழம் ஆழந்தானேம்மா" என்பார். அதற்கு மேல் என்ன கேட்பது?

எங்கள் டீச்சர்கள் அவரை நம்பவில்லை. யார் எப்போது போகிறார்கள் என்று எழுதுகிறவன் மேலிடத்து ஆளாகத்தான் இருப்பான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதனால் என்ன ஆயிற்று என்றால், யாரும் நாலு பத்துக்குப் போகவில்லை. ரெஜிஸ்டரில் நாலு பத்து என்று விழுந்தால் நன்றாக இருக்காது என்று நாலரைக்குப் போனார்கள். எல்லாரும் நாலரைக்குப் போனதால், நாலே முக்காலுக்குப் போகிறவருக்குக் கொஞ்சம் மதிப்பு வந்தது. நான் சேர்ந்தபோது அது ஐந்தைத் தாண்டியிருந்தது. சீக்கிரம் வெளியே வாருங்கள் என்பதற்காக ஒருவர் கேட்டில் நிற்க, அவருக்குப் பயந்தே முப்பத்தொரு பேர் உள்ளே உட்கார்ந்திருந்தோம். நாங்கள் வருகிறவரை அவரும் நின்றார்.

கரஸ்பான்டென்ட் சாரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பள்ளி அவருடையது. அவர் எங்களை ஒரு நாளும் இருக்கச் சொன்னதில்லை. இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன். மூன்றே முக்காலுக்கு ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்பார். "பாவம், எல்லாரும் டயர்டா இருப்பீங்க. அந்த சார்ட் வேலை கொஞ்சம் பாக்கி கீது போல. பரவால்ல, உடுங்க, நானே உக்காந்து ஒட்டிக்கறேன். நம்ம ஸ்கூல் ஒரு ஃபேமிலி தானே" என்பார். அறுபது வயதுக்காரர் தனியாக உட்கார்ந்து சார்ட் ஒட்டுவதை நினைத்தால் யாருக்குத்தான் கால் எழும்பும்? அந்தச் சார்ட்டை அவர் ஒரு தடவையும் ஒட்டியதில்லை. ஆண்டு விழாவுக்கு தெர்மகோலில் ஷாஃப்ட், அதாவது சுரங்கக் கிணறு, செய்தது நாங்கள். பிள்ளைகளின் விவரத்தை அரசாங்க வெப்சைட்டில் ஏற்றியது நாங்கள். மே மாத லீவில் வீடு வீடாகப் போய், உங்கள் பிள்ளையை எங்கள் ஸ்கூலில் சேருங்கள் என்று நோட்டீஸ் கொடுத்ததும் நாங்கள். எல்லாமே எங்கள் நல்ல மனசால் நடந்தது.

எனக்கு நல்ல மனசோடு வேறு ஒரு காரணமும் இருந்தது. நான் டெம்பரவரி. சுரங்கக்காரர் வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் கோரமண்டல் லைனில் பாதிப் பேர் விடியுமுன் ரயிலேறி பெங்களூர் போய், இருட்டிய பிறகு வந்து சேருகிறவர்கள். என் கணவரும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமையில்தான் வெளிச்சத்தில் அவர் முகம் பார்ப்பேன். மாரிகுப்பத்தில் கிளம்பும்போதே உட்கார இடம் பிடிக்க அடிதடி நடக்கிற ரயில் அது. இந்த ஊரிலேயே ஒரு வேலை, நடந்து போய் நடந்து வருகிற வேலை, அது பர்மனன்டாகவும் ஆகிவிட்டால் அந்த ரயிலில் நான் ஏற வேண்டாம். எனக்கு அது போதும். அதற்காக நான் எத்தனை சார்ட் வேண்டுமானாலும் ஒட்டத் தயாராக இருந்தேன்.

கிளார்க் என்ன மாதிரி ஆள் என்பது எனக்குப் புரிந்தது ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே தானாகச் சொன்னார். ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்தும் ஓர் ஆணி காலியாக இருந்ததாம். கேஜ் இரண்டு முறை போய் வந்தது, ஆள் இல்லை. பன்னிரண்டு பேர் இறங்கித் தேடினார்கள். அந்த ஆளோ வேறொரு ஷாஃப்ட் வழியாக மேலே வந்து, வில்லையைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு நேரே தியேட்டருக்குப் போய்விட்டிருந்தான்.

"இன்டர்வெல்ல முறுக்கு துன்னுக்கினு நின்னான்மா. நான்தான் போய்ப் புடிச்சேன்."

"நல்லா அடிச்சீங்களா சார்?"

"அடிக்கறதா? கட்டிப் புடிச்சி அழுதேன். ஆளு முழுசா கீறானே. அடிச்சது அவன் பொண்டாட்டி."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவரைச் சந்தேகப்பட்டது அன்றோடு நின்றது. மற்றவர்களிடம் இதைச் சொன்னேனா என்றால், இல்லை. ரெஜிஸ்டரில் என் நேரம் ஐந்தே முக்கால் என்று விழுந்துகொண்டிருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசில்லை.

இன்னொரு நாள், இன்ஸ்பெக்‌ஷனுக்காக லேபில் தனியாக உட்கார்ந்து கணித மாடல்களுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். எல்லாரும் போயாயிற்று என்று நினைத்து ஆயா வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போய்விட்டாள். கதவைத் தட்டினேன், ஜன்னலில் கத்தினேன், கேட்க ஆள் இல்லை. போனை ஸ்டாஃப் ரூமில் சார்ஜில் போட்டிருந்தேன். அழுகை வந்துவிட்டது. அரை மணி போயிருக்கும், படியில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் திறந்தது. வாசலில் ரெஜிஸ்டரோடு அவர் நின்றார்.

"முப்பது பேரு வந்தாங்க. இருபத்தேழு வரல."

நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை. அவ்வளவு கோபமாக அவரை நான் பார்த்ததில்லை.

"யாரு உங்கள இருக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார்."

"சொல்லாதப்ப இன்னாத்துக்கு இருந்தீங்க? ஷிஃப்ட் முடிஞ்சா மேல வரணும். உள்ள கீற ஒவ்வொரு நிமிசமும் உங்களுக்குத்தான் ஆபத்து. வேல குடுத்தவனுக்கு ஒண்ணும் ஆவாது."

படி இறங்குகிறவரை திட்டிக்கொண்டே வந்தார். கேட்டுக்கு வந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்து என் நேரத்தை எழுதினார். சிவப்பு எதற்கு என்று கேட்டேன். "தேடிப் போய் எடுத்தா செவப்பு" என்றார்.

இப்படியே போயிருந்தால் அவரும் ரிட்டயர் ஆகி, நாங்களும் அவரை மறந்திருப்போம். ஒரு நாள் கரஸ்பான்டென்ட் சார் ஆபீஸில் ஏதோ ஃபைல் தேடப்போய், பழைய ரெஜிஸ்டர்களைப் பார்த்துவிட்டார். புரட்டப் புரட்ட அவருக்கு ஆனந்தம். இத்தனை வருஷமாகத் தன் ஊழியர்கள் எத்தனை மணி வரை இருந்தார்கள் என்று ஒருவன் ஒரு நாள் விடாமல் எழுதி வைத்திருக்கிறான். அந்த ஆசிரியர் தினத்தில் மேடை போட்டு, 'நல்மன ஊழியர்' என்று சர்டிபிகேட்டும் ஆளுக்கொரு ஹாட் பாக்ஸும் கொடுத்தார். முதல் பரிசு சயின்ஸ் மிஸ், இரண்டாவது நான். கடைசியாக ரெஜிஸ்டர் எழுதியவரை மேடைக்கு அழைத்து சால்வை போர்த்தினார். எல்லாரும் கைதட்டினோம். அவர் சால்வையைத் தோளில் வைத்துக்கொள்ளாமல் நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது என் பக்கத்தில் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, இது எனக்கு இன்னாத்துக்குக் குடுத்தாங்க?"

"உங்க ரெஜிஸ்டர வெச்சுத்தான் சார் பரிசே. யாரு ரொம்ப நேரம் இருந்தாங்களோ அவங்களுக்கு."

"ரொம்ப நேரம் இருந்ததுக்கா பரிசு?"

"ஆமா சார்."

"மைன்ஸ்ல அதுக்கு மெமோ குடுப்பாங்க" என்றார். பிறகு நான் கையில் வைத்திருந்த ஹாட் பாக்ஸைப் பார்த்தார். நல்ல ரோஸ் நிறம். எனக்கு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் ரெஜிஸ்டருக்கு காக்கி அட்டை போட்டுக்கொண்டார். எழுதும்போது அட்டையைச் சாய்த்து மறைத்துக்கொள்வார். மேல வந்தாச்சா என்று கேட்பதும் நின்றது. தலையை மட்டும் ஆட்டுவார். மேடை ஏறியதும் ஆளுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று ஸ்டாஃப் ரூமில் பேசினார்கள். நானும் கொஞ்சம் அப்படித்தான் நினைத்தேன்.

டிசம்பரில் பெரிய அறிவிப்பு வந்தது. டெம்பரவரி ஆட்களில் மூன்று பேரை ஏப்ரலில் பர்மனன்ட் செய்யப் போகிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை யார் அதிக அர்ப்பணிப்போடு இருந்தார்கள் என்பதை ரெஜிஸ்டர் சொல்லும் என்றார் கரஸ்பான்டென்ட் சார்.

அந்த மூன்று மாதம் எங்கள் ஸ்டாஃப் ரூமைப் பார்த்திருக்க வேண்டும். செய்ய வேலை தீர்ந்துவிட்டது, இருப்பது மட்டும் பாக்கி. திருத்திய நோட்டையே மறுபடி திருத்தினோம். கம்ப்யூட்டர் சார் வீட்டுக்கு வேண்டிய பட்டாணியை அங்கேயே உரித்தார். சயின்ஸ் மிஸ் ஒரு ஸ்வெட்டரைப் பின்னி, அளவு சரியில்லை என்று பிரித்து, மறுபடி பின்னினார். ஏற்கெனவே பர்மனன்ட் ஆனவர்கள்கூட, தாங்கள் மட்டும் முன்னால் போனால் நன்றாக இருக்காது என்று உட்கார்ந்திருந்தார்கள். ஆறரைக்கு முன் எழுந்திருப்பவர் இல்லை. கரன்ட் பில் பார்த்துப் பயந்த கரஸ்பான்டென்ட் சார், அக்கறையோடு இருப்பவர்கள் ஒரே அறையில் ஒரே ஃபேனுக்கு அடியில் இருந்தால் நல்லது என்று சர்க்குலர் அனுப்பினார். முப்பத்தொரு பேரும் அதில் கையெழுத்துப் போட்டோம்.

கிளார்க் வேப்பமரத்தடியில் நின்றார். ஒரு சாயங்காலம் அவர் மனைவியே தேடி வந்துவிட்டார். ஒல்லியான அம்மா, கையில் காபி ஃபிளாஸ்க். கேட்டில் நின்றபடி, படி இறங்குகிற எங்கள் எல்லாருக்கும் கேட்கிறாற்போல் சொன்னார்.

"மைன்ஸ்லயே எட்டு மணி நேரந்தான். இது இன்னா ஸ்கூலு?"

"சும்மா இருமே, இன்னும் ரெண்டு பேரு உள்ள கீறாங்க" என்றார் இவர்.

"அவுங்களுக்கு வூடு வாசல் இல்லியா?"

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். நான் அவசரமாக இருப்பவள்போல் நடந்துவிட்டேன். மூன்று மாதமாக ஆறே முக்கால் வரை அவரை நிற்கவைத்தவர்களில் நானும் ஒருத்தி. மூட்டு வலியால் அவர் காலை மாற்றி மாற்றி வைத்து நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். இன்னும் பத்து நிமிஷம் இருந்தால் இரண்டாம் இடம் முதலிடம் ஆகுமா என்பதுதான் அப்போது என் கணக்கு.

ஏப்ரலில் கடைசி வேலை நாள் ஸ்டாஃப் மீட்டிங். கரஸ்பான்டென்ட் சார் நடுவில் உட்கார்ந்து ரெஜிஸ்டரைக் கேட்டார். கிளார்க் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றார். சார் காக்கி அட்டையைத் திறந்தார். ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இன்னாய்யா இது? எல்லாருக்கும் நாலு பத்து?"

"ஆமா சார்."

"மூணு மாசமும்? முப்பத்தொரு பேரும்?"

"ஷிஃப்ட் முடிஞ்சதும் எல்லாரும் மேல வந்துட்டாங்க சார். ஒருத்தர்கூட உள்ள இல்ல."

மூன்று மாதம், ஒவ்வொரு சாயங்காலமும், ஆறரைக்கு நான் அவரைத் தாண்டிப் போகப் போக, இந்த மனிதர் என் பெயருக்கு நேரே நாலு பத்து என்று எழுதியிருக்கிறார். வாழ்நாளில் ஒரு நிமிஷம் மாற்றி எழுதாதவர். அந்தக் கணத்தில் அவர் மேல் எனக்கு வந்தது நன்றி இல்லை, ஆத்திரம். என் பர்மனன்டைத் தின்றுவிட்டாரே என்றுதான் தோன்றியது. விடியற்கால ரயில் வந்து என் முன்னால் நின்றுவிட்டது.

கரஸ்பான்டென்ட் சாரின் விரல் பக்கத்தின் அடியில் போய் நின்றது. அங்கே எண் இல்லாத கடைசி வரி ஒன்று இருந்தது. அவருடைய சொந்த வரி. அதில் மட்டும் ஆறு நாற்பது, ஆறு ஐம்பது, ஆறே முக்கால் என்று ஒவ்வொரு நாளும் நிஜமான நேரம் இருந்தது. எங்களுக்காகப் பொய் எழுதப் பழகிய கை, தன் வரிக்கு வந்ததும் இருபது வருஷப் பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்து எழுதிவிட்டது போல. டைம் ஆபீஸ்காரனைத் தவிர வேறு யாரும் இப்படி மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

"எல்லாரும் நாலு பத்துக்கே போயிட்டாங்கன்னா, நீ ஆறே முக்கால் வரைக்கும் இங்க யாருக்காக நின்ன?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

சயின்ஸ் மிஸ் எழுந்தார். "சார், அது தப்பு சார். நாங்க எல்லாரும் ஆறரை வரைக்கும் இருந்தோம்."

கரஸ்பான்டென்ட் சார் எங்களைப் பொதுவாகப் பார்த்தார். "இந்த ரெஜிஸ்டர் பொய்யின்னு சொல்றவங்க கைய தூக்குங்க."

முதல் கை சயின்ஸ் மிஸ்ஸுடையது. இரண்டாவது என்னுடையது. யோசித்துத் தூக்கினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. பிறகு ஒவ்வொன்றாக, பர்மனன்ட் ஆனவர்கள் கைகளும் சேர்ந்து, எல்லாக் கையும் மேலே போயிற்று. தூக்கிய கையை எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை.

அவர் ஜன்னலிலிருந்து திரும்பி எங்களைப் பார்த்தார். கோபப்படுவார், ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். அவர் உதடு அசைந்தது. முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை விரலால் எண்ணிக்கொண்டு போனார்.

"முப்பத்தொண்ணு" என்றார். "எல்லாரும் கீறாங்க சார்."

ரெஜிஸ்டரை மேசையிலேயே விட்டுவிட்டு, அலமாரிச் சாவியை அதன்மேல் வைத்தார். வேலையை விட்டுப் போ என்று யாரும் சொல்வதற்கு முன்பே படி இறங்கிவிட்டார். மணி பதினொன்றரை இருக்கும். எங்களுக்குக் கையை இறக்குவது சுலபமாக இருந்தது.

ரெஜிஸ்டர் செல்லாமல் போனதால் அவரவர் எத்தனை மணி வரை இருந்தோம் என்று அவரவரே எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நான் ஆறரை என்று எழுதினேன். உண்மைதான். ஜூனில் மூன்று பேருக்கு உத்தரவு வந்தது. சயின்ஸ் மிஸ், கம்ப்யூட்டர் சார், நான். இன்றைக்கும் அதே பள்ளியில்தான் இருக்கிறேன், நடந்து போய் நடந்து வருகிறேன், ரயிலில் ஏறவில்லை. கேட்டில் இப்போது விரல் வைக்கும் மெஷின் மாட்டியிருக்கிறார்கள். காலையில் வரும்போது வைத்தால் போதும். போகும்போது வைக்க வேண்டியதில்லை, அதை எங்கள் நல்ல மனசுக்கு விட்டுவிட்டார்கள்.

அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பல முறை நினைத்தேன். ஒரு முறை ஸ்வீட் பாக்ஸ்கூட வாங்கினேன். அதை நாங்களே சாப்பிட்டுவிட்டோம்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆண்டர்சன்பேட்டை பஜாரில் எதிரே அவர் வந்துகொண்டிருந்தார். நன்றாகக் கிழடு தட்டியிருந்தது, கையில் காய்கறிப் பை. நான் சட்டென்று பக்கத்து ஃபேன்சி ஸ்டோருக்குள் நுழைந்துவிட்டேன். அவர் தாண்டிப் போகட்டும் என்று வளையல் பார்த்தேன், ரிப்பன் பார்த்தேன். எட்டிப் பார்த்தால், எதிர்ப்பக்கம் வாழைப்பழ வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பழம் வாங்குகிறார் போல என்று நினைத்து, இன்னும் கொஞ்ச நேரம் ஹேர்பின் பார்த்தேன். மறுபடி எட்டிப் பார்த்தேன். வெயிலில் கடை வாசலைப் பார்த்தபடியே நின்றார், பழம் வாங்கவில்லை, காலை மாற்றி வைத்துக்கொண்டார். கடைக்காரர் என்ன வேண்டும் என்று மூன்றாவது முறை கேட்டார். எனக்கு வேண்டாத ஒரு சீப்பை வாங்கினேன். கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அதற்கு மேல் உள்ளே நிற்க முடியாமல் வெளியே வந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர், நான் கடைப்படி இறங்கித் தெருவில் கால் வைத்ததைப் பார்த்தார், பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார், தன் வழியில் நடக்கத் தொடங்கினார்.